கொச்சியின் காயல் சேறு கட்டடக் கல்லாகுமா? களிமண்ணைக் கழிவுப் பொருள்களால் நிலைப்படுத்தும் தொழில்நுட்பம்: ஒரு விளக்கம்

கொச்சி: மட்டாஞ்சேரியின் பழைய மசாலா கிடங்குகளுக்கும் வில்லிங்டன் தீவுக்கும் நடுவே செல்லும் கப்பல் தடத்தில் சேறு படிவது ஒருநாளும் நிற்பதில்லை. பருவமழைக் காலத்தில் பெரியாறும் மூவாற்றுப்புழையும் வேம்பநாட்டுக் காயலுக்கு வண்டலைக் கொண்டு வருகின்றன. கடல் ஏற்றத்தின்போது அலைகளும் தம் பங்குக்கு நுண்களிமண்ணை உள்ளே தள்ளுகின்றன. தடத்தின் ஆழம் குறையாதிருக்க, கொச்சி துறைமுகம் ஆண்டுதோறும் ஒரு கோடி கன மீட்டருக்கும் அதிகமான சேற்றைத் தூர்வாரி, பெரும்பகுதியை ஆழ்கடலில் கொட்டி வருகிறது.

மறுபுறம், இதே எர்ணாகுளம் மாவட்டத்தில் வீடு கட்ட மண் கிடைப்பது அரிதாகி வருகிறது. நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் பாதுகாக்க 2008-ஆம் ஆண்டு கேரள அரசு கொண்டுவந்த சட்டத்துக்குப் பின்னர், செங்கல் சூளைகளுக்காக வயல் மண்ணைத் தோண்டுவது எளிதன்று. செம்புரைக்கல் வடமாவட்டங்களிலிருந்து லாரிகளில் வருகிறது. ஆற்று மணலின் இடத்தை கருங்கல்லை உடைத்துத் தயாரிக்கும் எம்-சாண்ட் பிடித்துவிட்டது. ஒரு பக்கம் கொட்ட இடமில்லாத சேறு, மறுபக்கம் கட்ட மண்ணில்லாத நகரம் என்ற நிலையில், அந்தச் சேற்றையே கல்லாக்க முடியுமா என்ற கேள்வி கட்டடப் பொறியாளர்கள் நடுவே நெடுநாளாக இருந்து வருகிறது.

சுருக்கமான விடை: முடியும். ஆனால் சேற்றை அச்சில் அழுத்திக் காயவைத்தால் மட்டும் போதாது. இந்த மண்ணின் இயல்பை முதலில் அறிய வேண்டும்.

சேற்றின் மேல் எழுந்த தீவு

கொச்சிக்குத் தூர்வாரிய மண்ணைப் பயன்படுத்துவது புதிதன்று. 1920-இல் இங்கு வந்த பிரிட்டிஷ் துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, காயலின் வாயிலை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி வழி திறந்தார். 'லார்ட் வில்லிங்டன்' என்ற தூர்வாரும் கப்பல் உறிஞ்சி எடுத்த மண்ணைக் காயலின் நடுவே கொட்டியதில் உருவானதே இன்றைய வில்லிங்டன் தீவு. 1928 மே 26-இல் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. துறைமுக அலுவலகம், ரயில் நிலையம் என இன்று அத்தீவில் இருப்பவற்றில் பெரும்பகுதி தோண்டியெடுத்த மண்ணின்மேல் நிற்பவையே.

அன்றைய தேவை பள்ளத்தை நிரப்புவது. இன்று தேவைப்படுவது சுவர். இரண்டுக்குமான மண்ணின் தகுதி வேறுபடுகிறது. மணல் மிகுந்த மண் தீவாகக் கிடக்கும். காயலின் நுண்களிமண்ணோ நீர் பட்டால் வீங்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதை அப்படியே கல்லாக்கினால் முதல் கோடையில் விரிசல் விடும், அடுத்த மழையில் கரையும்.

கரிசலுக்கு ஓர் உறவுக்காரர்

கோவில்பட்டி, விருதுநகர் பகுதிகளின் கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும் அந்த நிலம், ஐப்பசி மழையில் வீங்கிக் காலைப் பிடித்துக்கொள்ளும். அங்கே வீட்டின் சுவர்களில் குறுக்காக ஓடும் விரிசலுக்குக் கொத்தனாரைக் குறை சொல்வது வழக்கம். பல நேரங்களில் குற்றவாளி அடித்தளத்துக்குக் கீழே இருக்கும் மண்தான். இந்திய நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இத்தகைய விரிதிறன் மண் என்று மண்ணியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. கேரளத்திலும் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரத்தில் கரிசல் உண்டு.

இந்த வீக்கத்துக்குக் காரணம் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமக் கனிமம். வெறும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்தது அது. ஒவ்வொரு தகடும் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதைச் சமன்செய்ய இரு தகடுகளுக்கு இடையே சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் அமர்ந்திருக்கும். நீர் வந்தவுடன் அந்த அயனிகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி இழுத்துக்கொள்கின்றன. தகடுகள் விலகுகின்றன. மண் வீங்குகிறது. காயும்போது நீர் வெளியேறித் தகடுகள் நெருங்க, மண் சுருங்குகிறது. சோடியம் மிகுந்திருந்தால் இந்த விலகல் அதிகம். கடல்நீர் புகும் காயலில் சோடியத்துக்குப் பஞ்சமில்லை.

கொச்சியின் கடற்களிமண்ணில் மான்ட்மோரில்லோனைட்டுடன் கயோலினைட், இல்லைட் போன்ற பிற களிமங்களும் கலந்துள்ளன. ஆகவே இதைக் கரிசலின் நேர் உடன்பிறப்பு என்று சொல்ல முடியாது. கரிசலைவிட இது மிக மென்மையானது, தன் எடைக்கு நிகரான நீரையும் சில இடங்களில் அதற்கு மேலும் தாங்கி நிற்பது. நகரின் உயர்மாடிக் கட்டடங்கள் இந்த மென்மண்ணைத் துளைத்துக் கீழே உள்ள கெட்டியான அடுக்கைத் தொடும்வரை பைலிங் தூண்கள் இறக்கி எழுப்பப்படுவது இதனால்தான். துளையின் பக்கங்கள் சரியாமலிருக்க ஊற்றப்படும் பென்டோனைட் குழம்பும் மான்ட்மோரில்லோனைட் களிமண்தான். வேலை முடிந்ததும் அதுவும் கழிவாகிறது.

இங்கே மொழி தொடர்பான ஒரு குறிப்பு. காயலில் படியும் இந்த வண்டலை மலையாளத்தில் 'எக்கல்' என்கிறார்கள். சங்கத் தமிழில் கடற்கரை மணல்மேட்டைக் குறிக்கும் 'எக்கர்' இதன் நெருங்கிய சொந்தம். நீர் கொண்டுவந்து ஒதுக்கிய மண்ணுக்கு இரு மொழிகளும் ஒரே வேரிலிருந்து பெயர் வைத்திருக்கின்றன.

1988-இல் கிடைத்த துப்பு

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (குசாட்) பொறியியல் பள்ளியில் பாபு டி. ஜோஸ், பென்னி மேத்யூஸ் ஆபிரகாம் ஆகியோரும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஏ. ஸ்ரீதரனும் இணைந்து கொச்சி கடற்களிமண்ணின் பொறியியல் பண்புகளை ஆராய்ந்து 1988-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். இன்றும் இத்துறையில் அடிப்படை ஆவணமாகக் கருதப்படும் அந்த ஆய்வு முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டியது. காயலிலிருந்து எடுத்த ஈரநிலையில் சோதித்தால் இம்மண் மிக உயர்ந்த குழைமையைக் காட்டுகிறது. அதே மண்ணை அடுப்பில் உலர்த்தி, பின் நீர் சேர்த்துச் சோதித்தால் அந்தக் குழைமை பெருமளவு வீழ்ந்துவிடுகிறது. நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, மீண்டும் நீர் ஊற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. காற்றில் உலர்த்தினால் விளைவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

அடித்தளம் அமைப்பவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை. மாதிரியை உலர்த்திச் சோதித்தால் மண் உண்மையைவிட நல்லதாகத் தோன்றும். ஆனால் கல் செய்பவர்களுக்கு இதே செய்தி ஒரு சலுகையாகிறது. சேற்றை முதலில் வெயிலில் நன்கு காயவைத்துப் பொடித்தாலே அதன் வீங்கும் குணத்தில் ஒரு பகுதி தானாகக் குறைந்துவிடும். சுண்ணாம்பு சேர்க்கும் முன்பே, செலவில்லாமல் வேலையின் முதல் படி முடிகிறது.

சுண்ணாம்பு செய்யும் இரண்டு வேலைகள்

களிமண்ணுக்குச் சுண்ணாம்பு சேர்ப்பது நம் முன்னோர் அறிந்த முறை. அதன் வேதியியல் இரு கட்டங்களாக நடக்கிறது.

முதல் கட்டம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சுண்ணாம்பிலிருந்து வரும் கால்சியம், தகடுகளுக்கு இடையே இருக்கும் சோடியத்தை வெளியேற்றி அந்த இடத்தில் அமர்கிறது. இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியம் தகடுகளை இறுகப் பிடிக்கிறது. தனித்தனியாக மிதந்த நுண்துகள்கள் திரண்டு மணல்போன்ற பருமணிகளாகின்றன. கையில் ஒட்டிய சேறு உதிரத் தொடங்குகிறது. சுண்ணாம்பு கலந்த மண்ணைப் பிசைந்தவர்கள் இந்த மாற்றத்தை விரல்களிலேயே உணர்வார்கள்.

இரண்டாம் கட்டத்துக்கு வாரங்களும் மாதங்களும் தேவை. சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைப் பெரிதும் உயர்த்துகிறது. அந்தக் காரத்தில் களிமத்திலுள்ள சிலிகாவும் அலுமினாவும் கரைந்து, கால்சியத்துடன் சேர்ந்து சிமென்டில் உருவாகும் அதே வகையான பசைப் படிகங்களாக இறுகுகின்றன. மண்ணுக்கு நிலையான வலு கிடைப்பது இந்தக் கட்டத்தில்தான். முதல் கட்டத்தோடு நின்றுவிட்டால் மண் உதிரியாகுமே தவிர, கல் ஆகாது. எனவே முதல் கட்டத்தின் தேவைக்கு மேல் சுண்ணாம்பு மிச்சமிருக்க வேண்டும். பெரும்பாலான களிமண்களில் உலர் எடையில் 3 முதல் 8 சதவீதம் வரை சுண்ணாம்பு தேவைப்படுவது இதனாலேயே.

கூடுதல் சிலிகாவை வெளியிலிருந்து கொடுத்தால் இரண்டாம் கட்டம் வேகமும் வலுவும் பெறும். கழிவுப் பொருள்கள் இங்கேதான் கதைக்குள் வருகின்றன.

எந்தக் கழிவு, எங்கிருந்து?

இவ்வகை ஆய்வுகளைப் படிக்கும்போது சாம்பல் என்றாலே அனல்மின் நிலையச் சாம்பல்தான் முன்னிறுத்தப்படுகிறது. நெய்வேலி, மேட்டூர், தூத்துக்குடி அருகே வசிப்பவர்களுக்கு அது பொருந்தும். கேரளத்தில் நிலக்கரி அனல்மின் நிலையமே கிடையாது. தூத்துக்குடியிலிருந்து சாம்பலை மலை தாண்டி லாரியில் கொண்டுவந்து அதைப் பசுமைக் கட்டுமானம் என்று அழைப்பதில் பொருளில்லை. எந்த ஊரின் மண்ணுக்கும் அந்த ஊரின் கழிவே துணை என்பதுதான் இத்தொழிலின் கணக்கு.

கொச்சிக்கு அருகில் இருப்பது உமிச்சாம்பல். எர்ணாகுளம் மாவட்டத்தின் காலடி, பெரும்பாவூர் வட்டாரங்கள் கேரளத்தின் அரிசி ஆலைகள் குவிந்துள்ள பகுதி. நெல்லின் எடையில் சுமார் 20 சதவீதம் உமி. அந்த உமியை எரித்தால் அதில் சுமார் 20 சதவீதம் சாம்பலாக எஞ்சும். அதாவது 1,000 கிலோ நெல்லுக்கு 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் 85 முதல் 90 சதவீதம் சிலிகா. ஆனால் எரிக்கும் வெப்பம் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஏறத்தாழ 500 முதல் 700 டிகிரி செல்சியஸில் எரிந்த சாம்பலின் சிலிகா சுண்ணாம்புடன் எளிதில் வினைபுரியும். அதற்கு மேல் கடும் வெப்பத்தில் எரிந்தால் சிலிகா படிகமாகி வெறும் மணல்போலச் செயலற்றுக் கிடக்கும். ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் சாம்பல் எல்லாம் ஒரே தரமல்ல என்பதைக் கல் செய்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது சுண்ணாம்பு. வேம்பநாட்டுக் காயலில் மீனவர்கள் வாரியெடுக்கும் கறுப்பு மட்டியைக் கேரளத்தில் 'கக்கா' என்பர். சதையை எடுத்தபின் எஞ்சும் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். கோட்டயம் அருகே நாட்டகத்தில் உள்ள அரசு நிறுவனமான டிராவன்கூர் சிமென்ட்ஸ், இக்காயலின் ஓட்டிலிருந்தே வெள்ளை சிமென்ட் தயாரித்துப் பெயர் பெற்றது. மட்டாஞ்சேரியின் பழைய சுவர்களைப் பிணைத்திருப்பதும் ஓட்டுச் சுண்ணாம்புக் கலவையே. மலையாளத்தில் அதற்குக் 'கும்மாயம்' என்று பெயர்.

இங்கே ஒரு கணக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். 100 கிலோ ஓட்டைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், எஞ்சிய 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும். எரிபொருளின் புகை தனி. சுண்ணாம்பு சிமென்டைவிடத் தூய்மையானது என்ற பொதுவான நம்பிக்கை அப்படியே ஏற்கத்தக்கதன்று. கல்லில் அதன் பங்கு பத்து சதவீதத்துக்குள் இருப்பதாலும், கல்லைச் சூளையில் சுடத் தேவையில்லை என்பதாலும்தான் மொத்தக் கணக்கு இலாபமாகிறது. அதுவும் சதை எடுத்த ஓட்டைப் பயன்படுத்தும்வரைதான். கல்லுக்காகக் காயலின் அடித்தட்டைத் தோண்டி ஓடு எடுத்தால், ஒரு சிக்கலைத் தீர்க்க இன்னொன்றை உண்டாக்கியதாகும்.

மூன்றாவது, பருமணிகள். கருங்கல் குவாரிகளில் எஞ்சும் துகளும், இடிக்கப்பட்ட கட்டடங்களின் உடைசல்களும் இதற்கு உதவும். 2020 ஜனவரி 11, 12 தேதிகளில், கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியதற்காக உச்சநீதிமன்ற உத்தரவின்படி கொச்சியின் மரடு பகுதியில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. சில நொடிகளில் சரிந்த அந்தக் கட்டடங்களின் இடிபாடு சுமார் 76,000 டன் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. உடைசல்களை என்ன செய்வது என்ற கேள்வியை இந்நகரம் அன்று நேரடியாகச் சந்தித்தது. கட்டட இடிபாட்டுக் கழிவுகளைத் தனியே பிரித்து மறுபயன்பாட்டுக்கு உட்படுத்த வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறின.

ஜிப்சம் என்ற கவர்ச்சி

கொச்சியில் கண்ணில் படும் மிகப்பெரிய தொழிற்கழிவு பாஸ்போஜிப்சம். பொதுத்துறை உர நிறுவனமான ஃபாக்ட், பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது எஞ்சும் வெண்ணிறப் பொருள் இது. அம்பலமேட்டில் உள்ள ஆலையில் மலைபோல் குவிந்துள்ளது. இதைக் கண்ணாடி இழையுடன் சேர்த்துச் சுவர்ப் பலகையாக்கும் ஆலை ஃபாக்ட்-ஆர்.சி.எஃப். கூட்டு நிறுவனத்தால் கொச்சியில் நிறுவப்பட்டது. அத்தகைய பலகைகளால் விரைவாக வீடு கட்டும் முறையைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி, தன் வளாகத்தில் மாதிரிக் கட்டடமும் எழுப்பியது.

பலகைக்கு ஏற்ற ஜிப்சத்தைச் சுண்ணாம்பு கலந்த களிமண் கல்லிலும் சேர்க்கலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். இங்கேதான் கவனம் தேவை. ஜிப்சம் ஒரு சல்பேட். சுண்ணாம்பு, களிமத்தின் அலுமினா, சல்பேட், நீர் நான்கும் ஒன்று சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற ஊசிவடிவப் படிகம் வளர்கிறது. தன்னுள் ஏராளமான நீரைப் பிடித்துவைக்கும் படிகம் அது. கல் இறுகும் முன்பே அது உருவாகிவிட்டால் தீங்கில்லை, சில வேளைகளில் தொடக்க வலுவுக்கு உதவவும் செய்யும். கல் இறுகி, சுவரில் ஏறிய பின்னர் அது வளரத் தொடங்கினால் கல் உள்ளிருந்து பிளக்கும். வீக்கத்தைத் தடுக்கச் சேர்த்த சுண்ணாம்பே வீக்கத்துக்குக் காரணமாகிவிடும். சல்பேட் மிகுந்த மண்ணைச் சுண்ணாம்பிட்டுப் போட்ட சாலைகள் உப்பிச் சிதைந்த அனுபவம் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் பதிவாகியுள்ளது.

கடற்சேற்றில் ஏற்கெனவே சல்பேட் உண்டு. அதனுடன் ஜிப்சத்தையும் கூட்டுவது ஆய்வகக் கட்டுப்பாட்டில் செய்ய வேண்டிய வேலை. முற்றத்தில் அச்சு வைத்துக் கல் அடிப்பவர் தம் மனப்போக்கில் செய்யக்கூடியதன்று. பாஸ்பேட் பாறையிலிருந்து வரும் ரேடியம் சிறிதளவு இதில் இருப்பதால், கட்டுமானப் பொருள்களில் இதன் பயன்பாட்டுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்புகளும் பொருந்தும். மலைபோல் குவிந்து கிடப்பது மட்டுமே ஒரு பொருளைப் பயன்படுத்தப் போதுமான காரணமாகாது.

உப்பைக் கழுவும் பொக்காளி வழி

சேற்றுக் கல்லின் மிகப்பெரிய எதிரி உப்பு. கல்லில் தங்கிய உப்பு ஈரத்துடன் சுவரின் மேற்பரப்புக்கு வந்து, நீர் ஆவியானதும் வெண்மையாகப் பூக்கிறது. அந்தப் படிகங்கள் பூச்சைத் தள்ளி உதிர்க்கின்றன. மட்டாஞ்சேரியின் பழைய தெருக்களில் இடுப்பளவு உயரம்வரை பூச்சு உதிர்ந்து நிற்கும் சுவர்களைக் காணலாம். சுண்ணாம்பு பூசிய சுவரின்மேல் பிற்காலத்தில் சிமென்ட் பூசிய இடங்களில் ஈரம் வெளியேற வழியின்றிச் சேதம் கூடுதலாகிறது. உப்பு கலந்த கல்லை இரும்புக் கம்பிக்கு அருகில் வைத்தால் கம்பியும் துருப்பிடிக்கும்.

உப்பை எப்படி நீக்குவது? நன்னீரால் கழுவலாம் என்பது ஆய்வகத்துக்குப் பொருந்தும் விடை. டன் கணக்கான சேற்றைக் குழாய்நீரால் கழுவ எந்த நகரத்தாலும் முடியாது. ஆனால் இதே மாவட்டத்தின் பொக்காளி உழவர்கள் நூற்றாண்டுகளாக இதைச் செய்து வருகிறார்கள். கோடையில் கடல்நீர் புகுந்து இறால் வளரும் வயல்களில், மழைக்கு முன்பு மண்ணைச் சிறு குவியல்களாக்கி விடுவார்கள். தென்மேற்குப் பருவமழை அந்தக் குவியல்களின் உப்பைக் கழுவி இறக்கியதும், குவியல்களின் உச்சியிலேயே நெல் விதைப்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற பொக்காளி அரிசி விளைவது இவ்வாறுதான்.

தூர்வாரிய சேற்றுக்கும் இதே முறையைக் கடைப்பிடிக்கலாம். ஒரு பருவமழை முழுவதும் குவியல்களாகக் கிடந்து உப்பை இழந்த பின், டிசம்பர் முதல் மே வரையிலான வெயிலில் காய்ந்து பொடியாகலாம். அதாவது காயலிலிருந்து கல்லாவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக் காத்திருப்பு. மழை உப்பைக் கழுவும், ஆனால் காயவிடாது. வெயில் காயவைக்கும், ஆனால் உப்பை நீக்காது. இரண்டும் முறையாக வந்தாக வேண்டும்.

இத்திட்டத்தின் உண்மையான இடர்ப்பாடு வேதியியலில் இல்லை, இடத்தில் இருக்கிறது என்றே தோன்றுகிறது. சதுர அடிக்கு விலை பேசப்படும் கொச்சியில் சேற்றை ஓராண்டு பரப்பிவைக்க நிலம் வேண்டும். கழுவி இறங்கும் உப்புநீர் பக்கத்துக் கிணற்றில் கலக்காதபடி காயலுக்கே திரும்பும் அமைப்பும் வேண்டும்.

இன்னொரு சோதனையும் தவிர்க்க முடியாதது. ஏலூர் தொழிற்பகுதியின் கழிவுகள் பெரியாற்றின் வழியே நெடுங்காலம் காயலில் சேர்ந்துள்ளன. காயல் படிவுகளில் துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. சுண்ணாம்பின் காரத்தன்மை இவ்வுலோகங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லுக்குள் பூட்டிவைக்க உதவும். இருப்பினும், சேற்றை எடுத்த இடத்துக்கு இடம் சோதித்து, கல்லிலிருந்து நீரில் உலோகம் கசிகிறதா என்று பார்க்காமல் அதை வீட்டுச் சுவரில் வைக்கக் கூடாது.

ஒரு கல்லின் கணக்கு

மண்ணைச் சுடாமல், அச்சில் அழுத்திக் கல்லாக்கும் முறை இந்தியாவுக்குப் புதிதன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய 'அஸ்த்ரா' மையம் கையால் இயக்கும் மண்கல் அச்சை உருவாக்கியது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லின் மண் கட்டடக் கழகம் 'ஆரம்' என்ற அச்சை வடிவமைத்து உலக அளவில் பயிற்சி அளித்து வருகிறது. கேரளத்தில் லாரி பேக்கரும், அவர் இணைந்து 1985-இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பும் உள்ளூர்ப் பொருள்களால் வீடு கட்டுவதை ஓர் இயக்கமாகவே வளர்த்தனர். இக்கற்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1725, 1982-இலும் 2013-இலும் திருத்தப்பட்டது.

ஆரோவில் கழகத்தின் வழிகாட்டுதல்படி, சிமென்டால் நிலைப்படுத்தும் கல்லுக்கு மண்ணில் களிமத்தின் பங்கு சுமார் 20 சதவீதம் இருப்பது நல்லது. சுண்ணாம்பால் நிலைப்படுத்தினால் 35 சதவீதம்வரை ஏற்கத்தக்கது. காயல் சேற்றைச் சுண்ணாம்பின் பக்கம் தள்ளுவது இந்த வேறுபாடுதான். எடுத்துக்காட்டாக, ஓரிடத்துச் சேற்றில் களிமம் 50 சதவீதம் என்று கொண்டால், அதன் 7 பங்குடன் களிமம் இல்லாத குவாரித் துகளோ இடிபாட்டுத் தூளோ 3 பங்கு சேர்த்தால் கலவையின் களிமம் 35 சதவீதமாகும். சிமென்டுக்கு ஏற்ப 20 சதவீதமாக்க வேண்டுமானால் 4 பங்கு சேற்றுக்கு 6 பங்கு துகள் தேவைப்படும். அப்போது அது துகள் கல்லாகிவிடும், சேற்றைப் பயன்படுத்தும் நோக்கமே குறைந்துவிடும்.

24 சென்டிமீட்டர் நீளம், 24 அகலம், 9 உயரம் கொண்ட ஒரு கல் உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 10 கிலோ இருக்கும். சுண்ணாம்பும் உமிச்சாம்பலும் ஒரு கிலோ போக எஞ்சிய 9 கிலோவில், மேற்சொன்ன 7-க்கு 3 கலவைப்படி, உலர்சேறு சுமார் 6.3 கிலோ. தன் உலர் எடைக்கு நிகரான நீருடன் இருக்கும் சேறு ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 700 கிலோ உலர்மண் இருக்கும். ஆக, ஒரு கன மீட்டர் சேற்றிலிருந்து 110 கற்கள். 5,000 கற்கள் தேவைப்படும் சிறிய வீட்டுக்கு 45 கன மீட்டர் சேறு. துறைமுகம் ஆண்டுக்கு எடுப்பதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு இலட்சம் கன மீட்டர், 2,000-க்கும் மேற்பட்ட வீடுகளின் சுவருக்குப் போதுமானது. எஞ்சிய 99 பங்குக்குக் கல் விடையன்று என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது. சேற்றுக் கல் துறைமுகத்தின் சுமையைத் தீர்க்காது, ஆனால் வீடு கட்டுபவரின் சுமையைக் குறைக்கக்கூடும்.

தூர்வாரிய மண்ணை வளமாகப் பார்க்கும் நாடுகள் உள்ளன. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகம் எல்பே ஆற்றுச் சேற்றிலிருந்து மணலையும் களிமண்ணையும் பிரித்து உலர்த்தும் 'மேத்தா' ஆலையை 1993 முதல் இயக்கி வருகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்சைல் நகரில் துறைமுகச் சேற்றை வயல்போல் பரப்பி, உப்பு நீங்கப் பதப்படுத்தி, வெள்ளத் தடுப்புக் கரைகளுக்கான களிமண்ணாக்கும் சோதனை 2018-இல் தொடங்கியது. மட்டாஞ்சேரி அரண்மனைக்குத் தம் பெயரை விட்டுச் சென்ற டச்சுக்காரர்களின் நாடு இப்போது செய்வது, பொக்காளி உழவர் செய்வதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. இந்தியாவில் 2023 ஜூனில் மத்திய துறைமுகத் துறை 'சாகர் சம்ரித்தி' என்ற தூர்வாரல் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியபோது, கழிவிலிருந்து செல்வம் என்பதையும் அதன் நோக்கமாக அறிவித்தது.

யாருக்கு இது தேவை?

வைப்பின் தீவின் எடவனக்காடு, ஏழிக்கரை, கும்பளங்கி போன்ற ஊர்களில் கடல் ஏற்ற வெள்ளம் வீட்டுக்குள் வருவது இப்போது பருவகால நிகழ்வாகிவிட்டது. உப்புநீர் நின்று வடிந்த வீடுகளில் செங்கல் சுவரும் சிமென்ட் பூச்சும் அடிப்பகுதியிலிருந்து அரிக்கப்படுகின்றன. அடிக்கடி சுவரைச் சீரமைக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் மீனவர்களும் கூலித் தொழிலாளர்களுமே. மலிவான உள்ளூர்க் கல் முதலில் பயன்பட வேண்டியது இவர்களுக்கு. அதே வேளையில், கல்லுக்கு மிகக் கடுமையான சோதனை காத்திருப்பதும் இவர்களின் வீடுகளில்தான். உலர்ந்த நிலையில் வலுவாக இருக்கும் மண்கல் பலவும், நீரில் ஊறியதும் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். ஐ.எஸ். 1725 தரநிலை கல்லின் வலுவை ஈரநிலையில் அளக்கச் சொல்வது இதற்காகவே. நீர் உறிஞ்சும் அளவையும், நீர் பீய்ச்சினால் அரிபடுவதையும் அது தனியே சோதிக்கச் சொல்கிறது. உப்புநீரில் மாறிமாறி ஊறிக் காயும் சோதனையைக் காயலோர ஊர்களுக்கான கற்களில் கூடுதலாகச் செய்து பார்க்க வேண்டும்.

தரைமட்டத்திலிருந்து வெள்ளம் எட்டும் உயரம்வரை கருங்கல்லோ கான்கிரீட்டோ வைத்து, ஈரம் மேலேறாத தடுப்பு அடுக்கு ஒன்றை இட்டு, அதற்கு மேல் சேற்றுக் கல்லைப் பயன்படுத்துவதே இப்போதைக்குப் பாதுகாப்பான வழி. பூச்சு தேவையெனில் சிமென்டைத் தவிர்த்துச் சுண்ணாம்பு பூசலாம், சுவர் மூச்சுவிடும்.

கல் வாங்குபவர்கள் ஆய்வகச் சான்றைக் கேட்பதோடு, தாமே ஓர் எளிய சோதனையும் செய்யலாம். குறைந்தது 28 நாள்கள் ஈரச் சாக்கால் மூடி நீர் தெளித்துப் பதப்படுத்திய கல்லை ஒரு நாள் முழுவதும் நீரில் மூழ்கவைத்து எடுக்க வேண்டும். விளிம்பு நகத்தால் உதிர்ந்தாலோ, தொட்டி நீர் கலங்கலாக இருந்தாலோ, பின்னர் நிழலில் உலர்த்தும்போது பரப்பில் வெண்மை பூத்தாலோ அந்தக் கல்லைச் சுவரில் ஏற்றக் கூடாது. சுண்ணாம்புக் கல் மெதுவாக இறுகுவது. ஒரு மாதக் கல்லைவிட மூன்று மாதக் கல் உறுதியானது. அச்சிலிருந்து எடுத்த இரண்டாம் வாரமே லாரியில் ஏற்றித் தருகிறோம் என்று சொல்பவரிடம், அக்கலவையில் சிமென்ட் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது.